கூரையைத் தூக்கினால் அறை: இருபது ஆண்டுப் பழைய பாப்-அப் கேம்பரைச் சீரமைத்தபின் ஒரு மதிப்புரை

பிக்கப் டிரக்கின் பின்தொட்டியில் ஏற்றி வைத்து, போய்ச் சேர்ந்த இடத்தில் கூரையை மட்டும் மேலே தூக்கிக்கொள்ளும் கேம்பரைப் பாப்-அப் கேம்பர் என்கிறார்கள். சாலையில் ஓடும்போது அது டிரக்கின் கேபினைக் காட்டிலும் சற்றே உயர்ந்த பெட்டியாகத்தான் தெரியும். வண்டியை நிறுத்திக் கூரையைத் தூக்கியதும், கூரைக்கும் சுவருக்கும் இடையே மடிந்துகிடந்த துணி விரிந்து, ஆறடி உயரமுள்ளவர் நிமிர்ந்து நிற்கக்கூடிய அறையாகிவிடும். உயரம் குறைவு என்பதால் எதிர்க்காற்று அதிகம் தடுப்பதில்லை. எடை குறைவு என்பதால் சாதாரண டிரக்கே சுமக்கும். தாழ்ந்த மரக்கிளைகளுக்கு அடியிலும் மண்பாதையில் நுழைந்து போக முடியும். இத்தனை நன்மைகளுக்கும் விலையாக நாம் ஏற்றுக்கொள்வது அந்தத் துணியை. வெயிலில் காய்ந்தும் மழையில் நனைந்தும் நூற்றுக்கணக்கான முறை மடிந்து விரிந்தும் உழைக்கும் துணி என்றைக்காவது மாற்றப்பட்டே ஆக வேண்டும்.

கலிஃபோர்னியாவின் சாக்ரமென்டோ அருகே வசிக்கும் நான், 2004ஆம் ஆண்டு செய்யப்பட்ட இப்படியொரு கேம்பரை 2023 மார்ச்சில் 4,800 டாலருக்கு வாங்கினேன். அதைச் சீரமைக்க ஓராண்டுக்கு மேல் ஆயிற்று. அதன்பின் மழை, பனி, பாலைவனப் புழுதி ஆகிய மூன்றிலும் அதைப் பயன்படுத்திப் பார்த்துவிட்டேன். கேம்பரைச் செய்த நிறுவனத்தின் பெயரை நான் குறிப்பிடவில்லை. இருபது ஆண்டுப் பழைய பொருளின் குறைகளை இன்று அதன் தலையில் சுமத்துவது முறையாகாது. துணியைத் தைத்துக் கொடுத்த பட்டறையின் பெயரையும் எழுதவில்லை. அது ஒருவர் தம் மகனுடன் நடத்தும் சிறிய இடம். ஆனால் இந்த மதிப்புரையில் நான் அதிகம் பேசப்போவது அந்தத் துணிவேலையைப் பற்றித்தான். நான் செலவழித்த பணத்தில் மிகுந்த பயனைத் தந்தது அது என்பதே என் முடிவு.

முதலில் கேம்பரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். இவ்வகைக் கேம்பர்களின் சட்டகம் அலுமினியத்திலோ மரத்திலோ இருக்கும். 1972இல் தொடங்கி, இன்று சாக்ரமென்டோவுக்கு அருகிலுள்ள வுட்லேண்டில் இயங்கும் ஃபோர் வீல் கேம்பர்ஸ் நிறுவனம் பற்றவைத்த அலுமினியச் சட்டகத்துக்குப் பெயர் பெற்றது. கரடுமுரடான பாதையில் சட்டகம் சற்று நெளிந்து கொடுக்கும், நீர் புகுந்தாலும் மட்காது. நான் வாங்கியது மரச்சட்டகம் கொண்ட வேறொன்று. ஆறரை அடி நீளத் தொட்டிக்கானது. காலியாக இருக்கும்போது அதன் எடை ஏறத்தாழ 510 கிலோ. மரச்சட்டகத்துக்கும் நல்ல பக்கம் உண்டு: சாதாரணத் தச்சுக் கருவிகளை வைத்துக்கொண்டு வீட்டு முற்றத்திலேயே பழுதுபார்க்கலாம், அலுமினியம் போல் குளிரை உள்ளே கடத்தாது. ஆனால் நீர் புகுந்துவிட்டால் அந்த நன்மைகள் எல்லாம் அடிபட்டுப் போகும்.

பழைய கேம்பரைப் பார்க்கப் போகிறவர்கள் மெத்தையையும் அடுப்பையும் பார்ப்பதற்கு முன் ஒரு சிறிய திருகாணிச் சுழற்றியைக் கையில் எடுத்துக்கொள்ள வேண்டும். டிரக்கின் கேபினுக்கு மேலே நீண்டிருக்கும் படுக்கைப் பகுதியின் முன் விளிம்பில், இரவில் எரியும் சிறிய மஞ்சள் விளக்குகள் வரிசையாக இருக்கும். ஒவ்வொரு விளக்குக்கும் பின்னால் வயருக்காகப் போட்ட ஒரு துளை உண்டு. ஓடும்போது மழைநீரை நெடுஞ்சாலை வேகத்தில் நேராக வாங்கும் இடம் அது. நான் வாங்கிய கேம்பரில் இடது ஓர விளக்கின் அடியில் உட்புறப் பலகையைச் சுழற்றியின் முனையால் அழுத்தியபோது, முனை எந்தத் தடையும் இல்லாமல் இரண்டு சென்டிமீட்டர் உள்ளே போயிற்று. வெளியே எடுத்தபோது ஒட்டிக்கொண்டு வந்த மரம் ஊறிய அவலைப் போலக் கையில் பிசைபட்டது. விற்றவருக்கும் அது தெரிந்திருக்கவில்லை. அவர் முகம் வாடிப்போனது உண்மையான வருத்தம்தான். 6,500 டாலர் கேட்டவர் 4,800க்கு இறங்கி வந்தது அந்த இரண்டு சென்டிமீட்டரால்.

எனவே வேலை கூரையிலிருந்து தொடங்கியது. முந்தைய உரிமையாளர் கசிவு கண்ட இடத்தில் எல்லாம் சிலிக்கோன் பசையைத் தடவியிருந்தார். நல்லெண்ணத்தில் செய்ததுதான், ஆனால் கேம்பரின் கூரைக்குச் சிலிக்கோன் பெரும் தொல்லை. அது காய்ந்து விளிம்பில் பெயரும். பெயர்ந்த இடத்தில் அதன் மெல்லிய படலம் எஞ்சியிருக்கும்வரை வேறெந்தப் பசையும் பிடிக்காது, புதுச் சிலிக்கோன்கூடச் சரியாக ஒட்டாது. பிளாஸ்டிக் சுரண்டியால் அதை எடுப்பதற்கே எனக்கு நான்கு வார இறுதிகள் ஆயின. அதன்பின் கூரைமேல் உள்ள காற்றுத் துவாரம், விளக்குகள், ஓரத்து அலுமினியப் பட்டைகள் ஆகிய எல்லாவற்றையும் கழற்றி, அடியில் பியூட்டைல் டேப் (இறுகாமல் பிசுபிசுப்பாகவே இருந்து நீரைத் தடுக்கும் ரப்பர் பட்டை) ஒட்டி, மறுபடி திருகி, மேலே டைகோர் என்ற கேம்பர் கூரைப் பசையை ஊற்றினேன். டைகோரில் இரண்டு வகை உண்டு என்பதை வாங்குவதற்கு முன் கவனிக்க வேண்டும். தானாகப் பரவி மட்டமாகும் வகை கூரைக்கு ஏற்றது. அதைச் செங்குத்தான சுவரில் இட்டால் வழிந்து இறங்கிவிடும், சுவருக்கு வழியாத வகையைத் தனியாக வாங்க வேண்டும். இரண்டையும் பயன்படுத்தினேன், இரண்டு மழைக்காலங்களாக ஒரு சொட்டும் இறங்கவில்லை.

மட்கிய முன் விளிம்பை ஒரு முழம் நீளத்துக்கு வெட்டி எடுத்து, நல்ல மரம் தெரியும்வரை போய், புதுச் சட்டத்தைப் பசையும் திருகும் இட்டுப் பிணைத்தேன். இதைத் தச்சு தெரியாதவரும் பொறுமை இருந்தால் செய்யலாம். தோட்டத்துக் குழாயால் கீழிருந்து மேலாகப் படிப்படியாக நீரடித்துப் பார்ப்பது நல்ல சோதனை. மேலிருந்து தொடங்கினால் எந்தத் துளை வழியாக நீர் வந்தது என்று கண்டுபிடிக்க முடியாமல் போகும்.

இனித் துணி. கேம்பரோடு வந்த பழைய துணி வினைல் பூசிய பாலியெஸ்டர். மடிப்பு விழும் இடங்களில் பூச்சு உதிர்ந்து நூல் தெரிந்தது. ஜன்னல்களின் தெளிந்த வினைல் பழுத்த மஞ்சளாகி, வளைத்தால் முறியும் நிலையில் இருந்தது. துணியைச் சுவரின் மேல்விளிம்பில் அறைந்திருந்த இரும்பு ஸ்டேப்பிள்கள் துருப்பிடித்து, ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு பழுப்புக் கோடு கீழே இறங்கியிருந்தது. சில இடங்களில் ஸ்டேப்பிள் இருந்த இடமே கிழிசலாகி, விரல் நுழையும் அளவுக்குத் திறந்திருந்தது. ஒட்டுப்போடலாமா என்று யோசித்தேன். ஒரு கிழிசலுக்கு ஒட்டுப்போட்டு, கூரையை ஒருமுறை இறக்கி ஏற்றினேன். ஒட்டுக்கு அருகிலேயே புதிதாகக் கிழிந்தது. அத்துடன் அந்த எண்ணத்தைக் கைவிட்டேன்.

கேம்பர்களுக்குத் துணி தைப்பவர்கள் அருகில் கிடைக்காததால், படகுகளுக்கு மேலுறையும் இருக்கையும் தைக்கும் பட்டறை ஒன்றை அணுகினேன். இதைப் படிப்பவர்களுக்கும் அதையே பரிந்துரைக்கிறேன். வெயில், உப்பு, நீர் ஆகியவற்றில் துணி என்ன பாடுபடும் என்பதைப் படகுக்குத் தைப்பவர்கள் நன்கு அறிந்திருக்கிறார்கள். பட்டறையை நடத்தும் பெரியவர் முதல் நாளே துணியைத் தொடவில்லை. கூரையைத் தூக்கச் சொல்லி, நான்கு மூலைகளிலும் உயரத்தை அளந்தார். பின்னர் இறக்கச் சொல்லி, துணி எப்படி மடிகிறது, எங்கே கூரைக்கும் சுவருக்கும் நடுவில் சிக்கிக் கடிபடுகிறது என்பதைக் குனிந்து பார்த்தார். ஐந்தாறு முறை ஏற்றி இறக்கிய பின்தான் சுண்ணக்கட்டியை எடுத்தார்.

துணியைத் தேர்ந்தெடுப்பதில் அவர் சொன்ன காரணங்கள் எனக்குப் புதியவை. சன்பிரெல்லா போன்ற அக்ரிலிக் துணி காற்றை விடும், நிறம் எளிதில் வெளுக்காது, தொட்டால் துணி போலவே இருக்கும். படகின் மேல்விதானத்துக்கு அது அருமையானது. ஆனால் பாப்-அப் கேம்பரில் துணி நாள்கணக்கில் ஈரத்தோடு மடிந்துகிடக்கும். மடிப்பில் தேங்கும் நீர் அக்ரிலிக் வழியாக மெல்ல உள்ளே இறங்கும். வினைல் பூச்சுத் துணி நீரை அறவே தடுக்கும். அதற்குப் பதிலாக, மூச்சுக்காற்றின் ஈரம் வெளியேற வழியின்றி உட்புறத்தில் முத்துமுத்தாகப் படியும். வெளிநீரா உள்நீரா என்பதில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது. உள்ளே படியும் நீரைக் காற்றோட்டத்தால் சமாளிக்கலாம் என்று அவர் சொன்னதால் வெளிர்சாம்பல் நிற வினைலைத் தேர்ந்தெடுத்தோம்.

நூல் விஷயத்தில் அவர் விட்டுக்கொடுக்கவே இல்லை. சாதாரண பாலியெஸ்டர் நூல் சூரிய ஒளியில் வலுவிழந்து, துணி நன்றாக இருக்கும்போதே தையல் விட்டுவிடும் என்றார். டெனாரா என்ற நூலைத்தான் பயன்படுத்தினார். டெஃப்லான் வகையைச் சேர்ந்த பொருளால் ஆன அந்த நூலைச் சூரிய ஒளி அரிப்பதில்லை. விலை பலமடங்கு அதிகம். ஆனால் இந்த அளவு துணிக்கு ஆகும் நூலில் கூடுதல் செலவு நூறு டாலருக்குள்தான். துணியைச் சுவரோடு பிணைக்கத் துருப்பிடிக்காத எஃகு ஸ்டேப்பிள்களையே அடித்தார். பழைய துணியின் பழுப்புக் கோடுகளை என்னிடம் காட்டி, சில டாலர்களை மிச்சப்படுத்தியதன் விளைவு இது என்று அவர் சொன்னது நியாயமானதே.

பழைய துணியை ஒரே துண்டாகக் கழற்றி, தையல்களைப் பிரித்து, அதையே மாதிரியாக விரித்து வெட்டுவது வழக்கமான முறை. இங்கேதான் ஒரு தவறு நேர்ந்தது. இருபது ஆண்டுகளில் பழைய வினைல் சுருங்கியிருந்தது. அதற்கு ஈடாக எல்லாப் பக்கங்களிலும் கூடுதல் அளவு விட்டிருந்தாலும், பின்பக்க இடது மூலையில் மட்டும் ஏறத்தாழ 2 சென்டிமீட்டர் குறைந்துவிட்டது. கேம்பரின் கூரையைத் தாங்குவது முன்னும் பின்னும் கீலில் மடிந்திருக்கும் இரண்டு தூக்குப் பலகைகள். பலகை செங்குத்தைத் தாண்டிச் சற்று மறுபுறம் சாய்ந்தால்தான் அது நிலைத்து நிற்கும். துணி இழுத்துப் பிடித்ததால் பின்பலகை அந்தப் புள்ளியைத் தாண்ட மறுத்தது. காற்று பலமாக அடித்தால் கூரை இறங்கிவிடக்கூடிய நிலை அது. சிறிய குறை என்று தள்ளிவிட முடியாது. அவரிடம் காட்டியதும், விவாதம் ஏதுமின்றி அந்தப் பக்கத்துத் துணி முழுவதையும் புதிதாக வெட்டித் தைத்துக் கொடுத்தார். கூடுதல் பணம் வாங்கவில்லை. ஆனால் மூன்று வாரம் தள்ளிப்போய், நாங்கள் திட்டமிட்டிருந்த ஒரு பயணம் நின்றுபோனது. ஒப்பந்தம் பேசும்போதே, பட்டறையில் கேம்பரை வைத்துக் கூரையைத் தூக்கிக் காட்டியபின்தான் முழுப் பணம் என்று பேசிக்கொள்வது இரு தரப்புக்கும் நல்லது என்பதை அப்போது உணர்ந்தேன்.

ஜன்னல்களின் அமைப்பில் அவர் செய்த ஒரு மாற்றம் எங்களுக்கு மிகவும் பிடித்தது. பழைய துணியில் ஜன்னலைத் திறந்தால் கொசுவலை மட்டும் மிஞ்சும். மழை வந்தால் முழுவதும் மூட வேண்டும். புதியதில் கொசுவலை, தெளிந்த வினைல், மறைப்புத் துணி என்று மூன்று அடுக்குகள் உள்ளன. வினைலை மேலிருந்து நான்கு விரல் அளவு மட்டும் திறக்கும்படி ஜிப்பை வைத்திருக்கிறார், அந்த இடைவெளிக்கு மேலே வெளியில் ஒரு சிறு தாழ்வாரத் துணியும் உண்டு. அடைமழையிலும் காற்றோட்டம் நிற்பதில்லை. துணிவேலைக்கு மொத்தம் 2,650 டாலர் கொடுத்தேன்.

கூரையை இறக்கும்போது கதவையோ மேல் துவாரத்தையோ திறந்து வைக்க வேண்டும். உள்ளிருக்கும் காற்று வெளியேறினால்தான் துணி உப்பாமல் உட்பக்கம் மடியும். வெளியில் துணியைச் சுற்றி ஒரு நீட்சிக் கயிற்றை ஓடவிட்டால் அது துணியைத் தானாக உள்ளே இழுத்துக்கொள்ளும். இவ்விரண்டையும் கடைப்பிடிக்காதவர்களின் துணிதான் சீக்கிரம் கடிபட்டுக் கிழிகிறது என்று பட்டறைக்காரர் எச்சரித்தார்.

அடுத்ததாக எடையைப் பற்றிச் சொல்ல வேண்டும். அழகுபடுத்தும் ஆர்வத்தில் பலர் இதை மறந்துவிடுகிறார்கள். டிரக்கின் ஓட்டுநர் கதவைத் திறந்தால் கதவு நிலையில் மஞ்சளும் வெள்ளையுமான ஓர் ஒட்டுவில்லை இருக்கும். ஆட்களும் சுமையும் சேர்ந்து எத்தனை கிலோவைத் தாண்டக்கூடாது என்று அதில் எழுதியிருக்கும். ஒரே பெயரில் விற்கப்படும் டிரக்குகளுக்குள்ளேயே இந்த எண் பெரிதும் மாறுபடும். விளம்பரத்தில் உள்ள உச்ச அளவை நம்பக்கூடாது, நம் கதவில் உள்ள எண்தான் கணக்கு. என் ஃபோர்டு எஃப்-150இல் அது 762 கிலோ. கேம்பர் 510 கிலோ. நானும் மனைவியும் மகளும் சேர்ந்து 165 கிலோ. கேம்பரின் 20 காலன் நீர்த்தொட்டியை நிரப்பினால் நீர் மட்டுமே 76 கிலோ. இவற்றைக் கூட்டினால் 751. உணவுக்கும் உடைக்கும் கருவிகளுக்கும் எஞ்சுவது 11 கிலோ. ஆகவே நாங்கள் நீர்த்தொட்டியை அரைவாசிக்கு மேல் நிரப்புவதில்லை, போகும் ஊரில் நிரப்பிக்கொள்கிறோம். பின்சக்கர வில்களுக்கு உதவியாகக் காற்றுப்பைகள் பொருத்திக்கொள்ளலாம். அவை வண்டியை மட்டமாக நிறுத்தும், ஆட்டத்தைக் குறைக்கும். ஆனால் கதவில் எழுதிய சுமைத்திறனை அவை ஒரு கிலோகூடக் கூட்டுவதில்லை. நெடுஞ்சாலை ஓர லாரி நிறுத்தங்களில் உள்ள கேட் (CAT) என்ற நிறுவனத்தின் எடைமேடையில் சில டாலர் கொடுத்து, முன் அச்சையும் பின் அச்சையும் தனித்தனியாக எடைபோட்டுப் பார்க்கலாம். சீரமைப்புக்கு முன் ஒருமுறையும் பின் ஒருமுறையும் எடைபோட்டேன்; நான் சேர்த்த ஒவ்வொரு பலகைக்கும் ஈடாக ஒன்றைக் கழிக்க வைத்தது அந்தச் சீட்டுதான்.

கேம்பரைத் தொட்டியோடு கட்டும் முறையையும் மாற்றினேன். முன்பு தொட்டியின் தகட்டில் துளையிட்டு வளையத் திருகாணிகளைப் பொருத்தி, அவற்றோடு டர்ன்பக்கிளால் (திருகி இறுக்கும் இணைப்புக் கம்பி) இழுத்துக் கட்டியிருந்தார்கள். 2015 முதல் எஃப்-150இன் உடலும் தொட்டியும் அலுமினியம். மேடுபள்ளத்தில் கேம்பர் துள்ளும்போது வளையத்தின் மீது விழும் இழுவையைத் தகடு தாங்காமல் கிழியும் ஆபத்து உண்டு. டிரக்கின் அடிச்சட்டத்தில் நேரடியாகப் பொருந்தும் டார்க்லிஃப்ட் பிடிமானங்களை வாங்கிப் பொருத்தினேன். நானே அரைநாளில் பொருத்த முடிந்தது, தொட்டியில் ஒரு துளையும் போட வேண்டியிருக்கவில்லை. தொட்டியின் தரையில் தடித்த ரப்பர் பாய் விரித்தபின் கேம்பர் பக்கவாட்டில் நகர்வதும் நின்றது. எவ்வளவு நல்ல பிடிமானமானாலும் மண்பாதையில் ஒரு மணி நேரம் ஓடியபின் இறங்கி இறுக்கத்தைத் தொட்டுப் பார்க்கத்தான் வேண்டும்.

மின்சார வேலையில் முதலில் கண்டது ஓர் ஆபத்து. அமெரிக்காவில் கேம்பர்களின் 12 வோல்ட் இணைப்பில் பெரும்பாலும் கறுப்பு வயர் நேர்முனை, வெள்ளை வயர் எதிர்முனை. டிரக் உள்ளிட்ட வாகனங்களில் கறுப்புதான் எதிர்முனை. இரண்டும் சந்திக்கும் இடத்தில், யாரோ நிறத்தை நம்பி ஒரு வயரை மாற்றி இணைத்து, ஃபியூஸ் எரிந்ததால் அதைவிடப் பெரிய ஃபியூஸைப் போட்டிருந்தார்கள். வயரின் மேலுறை உருகிப் பலகையில் ஒட்டியிருந்தது. பழைய கேம்பர் வாங்குபவர்கள் நிறத்தை ஒருபோதும் நம்பாமல், மீட்டரை வைத்து ஒவ்வொரு வயரையும் சோதித்து எழுதி ஒட்ட வேண்டும் என்று மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன்.

பழைய ஈய-அமிலப் பேட்டரியை எடுத்துவிட்டு 100 ஆம்பியர்-மணி லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி வைத்தேன். ஈயப் பேட்டரியில் பாதிக்கு மேல் எடுத்தால் அதன் ஆயுள் குறையும். இதில் ஏறத்தாழ முழுவதையும், அதாவது 1,280 வாட்-மணி வரை எடுக்கலாம். எடையிலும் பாதிக்கு மேல் குறைவு. ஆனால் வெப்பநிலை 0 டிகிரிக்குக் கீழே போனால் லித்தியம் பேட்டரியில் மின்னேற்றம் செய்யக்கூடாது. ஆகவே அதை வெளிப்பெட்டியிலிருந்து உள்ளே, ஹீட்டரின் அருகில் இருந்த பெட்டிக்குள் மாற்றினேன். கூரையில் 160 வாட் சோலார் பலகை, அதற்கு விக்ட்ரான் மின்னேற்றக் கட்டுப்பாட்டுக் கருவி, ஓடும்போது டிரக்கிலிருந்து ஏற்ற ஒரு டிசி-டிசி சார்ஜர் என்று முடித்தேன். டிரக்கிலிருந்து வரும் வயருக்கு இரு முனைகளிலும் ஃபியூஸ் வேண்டும், ஏனெனில் இரு முனைகளிலும் பேட்டரி இருக்கிறது. விக்ட்ரான் கருவி அன்றன்று எவ்வளவு விளைந்தது என்பதைக் கைப்பேசியில் காட்டுவது பெரிய வசதி. வெயிலே இல்லாவிட்டாலும் பேட்டரி எங்களுக்கு இரண்டு நாள் தாங்குகிறது. சோலார் பலகை ஏறியதும் கூரை கனத்துவிட்டது. என் மனைவியால் தனியாகத் தூக்க முடியவில்லை என்பதால் முன்னும் பின்னும் வாயு நிரப்பிய தாங்கிகள் பொருத்தினேன். இப்போது எங்கள் மகளே தூக்குகிறாள்.

புரொப்பேன் வாயுவில் இயங்கிய பழைய ஃப்ரிட்ஜ், வண்டி மட்டமாக நிற்காவிட்டால் குளிராது. அதை எடுத்துவிட்டு 12 வோல்ட் கம்ப்ரசர் ஃப்ரிட்ஜ் வைத்ததில் முழுத் திருப்தி. பழைய ஃப்ரிட்ஜுக்காகச் சுவரில் வெட்டியிருந்த இரண்டு காற்றுத் துவாரங்களையும் அடைத்தபின்தான், மண்பாதைப் புழுதி இத்தனை நாள் எங்கிருந்து வந்தது என்பது தெரிந்தது. அடுப்பும் ஹீட்டரும் நன்றாக இருந்ததால் மாற்றவில்லை. ஆனால் வாயுக் குழாய்களை உரிய பணியாளரைக் கொண்டு அழுத்தச் சோதனை செய்தோம், ரப்பர்க் குழாயையும் ரெகுலேட்டரையும் மாற்றினோம். புரொப்பேன் காற்றைவிடக் கனமானது, தரையோடு தங்கும். அதனால் அதைக் கண்டறியும் கருவி முழங்காலுக்குக் கீழே இருக்க வேண்டும். கார்பன் மோனாக்சைடுக்குத் தனிக் கருவி வேண்டும். இவ்விரு கருவிகளுக்கும் காலாவதி உண்டு. நான் வாங்கியபோது சுவரில் இருந்தது கேம்பரோடு வந்த 2004ஆம் ஆண்டுக் கருவி. பச்சை விளக்கு மட்டும் ஒழுங்காக எரிந்துகொண்டிருந்தது.

உள்ளே இருக்கைகளை அலுமினியச் சட்டங்களைக் கொண்டு மாற்றியமைத்தேன். பக்கவாட்டில் பள்ளம் ஓடும் அந்தச் சட்டங்களை வெட்டித் திருகினால் போதும், பற்றவைக்க வேண்டாம், பிடிக்காவிட்டால் கழற்றி மாற்றலாம். திருகுகளுக்குப் பூட்டுப் பசை இடாவிட்டால் மண்பாதையின் அதிர்வில் எல்லாம் தளர்ந்துவிடும்.

முதல் பெரிய சோதனை நவம்பரில், சியரா நெவாடா மலைத்தொடரின் கிழக்குச் சரிவையொட்டி ஓடும் 395ஆம் நெடுஞ்சாலையில். லோன் பைன் ஊருக்கு மேற்கே பாறைகளுக்கு நடுவில் தங்கினோம். மேற்கில் விட்னி மலை. முதல் இரவு காற்று பலமாக அடித்தது. துணி படபடவென்று அடித்துக்கொண்டது. தூக்கம் கெட்டது என்பதை மறைக்க வேண்டியதில்லை. பாப்-அப் கேம்பரில் இந்தச் சத்தத்துக்குத் தப்ப முடியாது. டிரக்கின் முகத்தைக் காற்று வரும் திசைக்குத் திருப்பி நிறுத்தினால் பாதி குறையும். ஆனால் தூக்குப் பலகைகள் அசையவில்லை, தையல் ஒன்றும் விடவில்லை. இரண்டாம் இரவு காற்று ஓய்ந்து குளிர் மைனஸ் 7 டிகிரிக்கு இறங்கியது. ஹீட்டர் உள்ளே 16 டிகிரி வரை காத்தது. காலையில் வினைலின் உட்புறம் முழுவதும் நீர்த்துளிகள். தலையணைக்கு அருகில் துளிகள் உறைந்து, விரலால் தொட்டபோது மெல்லிய கண்ணாடிச் சில்லுகளாக உதிர்ந்தன. மெத்தைக்கு அடியிலும் ஈரம் இருந்தது. ஊர் திரும்பியதும் மெத்தைக்கு அடியில் காற்று ஓடும் வலைவிரிப்பு ஒன்றும், துணிக்கு உட்புறம் பொத்தானால் மாட்டிக் கழற்றும் இரண்டாவது துணியடுக்கும் சேர்த்தேன். அந்த உள்ளடுக்கையும் அதே பட்டறையில்தான் தைத்தேன். அடுத்த பயணத்தில் ஈரம் கண்கூடாகக் குறைந்தது. மேல் துவாரத்தை ஒரு விரல் திறந்து விசிறியை மெல்லச் சுழலவிடுவதும் அவசியம். குளிருக்குப் பயந்து எல்லாவற்றையும் மூடினால் ஈரம் இரட்டிப்பாகும்.

செலவுக் கணக்கு இது: கேம்பர் 4,800, துணி 2,650, மின்சாரம் 1,900, கூரையும் மரமும் 700, பிடிமானங்கள் 600, ஃப்ரிட்ஜ் 800, மெத்தையும் உள்ளடுக்கும் 500; மொத்தம் 11,950 டாலர். இதே அளவில் புதிய கேம்பருக்கு இருபதாயிரம் டாலருக்கு மேல் ஆகும். என் உழைப்பைக் கணக்கில் சேர்க்கவில்லை. கூலி கொடுத்து எல்லாவற்றையும் செய்வதாக இருந்தால் புதியதையே வாங்கலாம். மின்சாரத்தைத் தாமே செய்யத் துணியாதவர்கள் அந்த ஒரு வேலைக்கு மட்டுமாவது தேர்ந்தவரை அழைக்க வேண்டும். மூன்று பேருக்கு மேல் உள்ள குடும்பத்துக்கும், மழை மிகுந்த ஊரில் மாதக்கணக்கில் தங்க நினைப்பவர்களுக்கும் இது பொருந்தாது. வார இறுதிகளிலும் விடுமுறையிலும் மலைக்கும் பாலைவனத்துக்கும் போகும் இரண்டு மூன்று பேருக்கு, மரம் மட்கிப் போகாத பழைய பாப்-அப் கேம்பர் நல்ல முதலீடு என்று உறுதியாகச் சொல்வேன். கூரைக்கும் துணிக்கும் பிடிமானத்துக்கும் முதலில் பணத்தை ஒதுக்குங்கள். ஃப்ரிட்ஜும் சோலாரும் அடுத்த ஆண்டுக்குக் காத்திருக்கலாம். நான் சோலாரை முதலில் வாங்கி வைத்துவிட்டு, கூரையின் பசைவேலை முடியும்வரை அது எட்டு மாதம் கார் கொட்டகையில் கிடந்ததைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இன்னும் தீராத குறை ஒன்று இருக்கிறது. பின்கதவின் அடியில் உள்ள ரப்பர்ப் பட்டை இறுகிப்போய், வேகமாக ஓடும்போது சக்கரம் வாரியடிக்கும் நீர் ஒரு கோடாக உள்ளே வருகிறது. அதே அளவில் புதுப் பட்டை கடைகளில் கிடைக்கவில்லை. பழையதில் ஒரு விரல் நீளத் துண்டை வெட்டிப் பட்டறைக்காரரிடம் கொடுத்திருக்கிறேன். படகின் அடைப்புக்குப் பயன்படும் பட்டைகளில் பொருந்துவது இருக்கிறதா என்று பார்த்துச் சொல்வதாகக் கூறியிருக்கிறார்.